சித்திரையில் சொன்ன சொல்

எங்கள் மாந்தோப்பில் இரத்தம் விழுந்தது அந்த வருஷம் மாசி மாதத்தில். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஆட வந்த புது ஆள் ஒருவன் சீட்டை மறைப்பதாக எங்களோடு ஆடுகிற பாவாடை சொன்னான். சொல்லி வாயை மூடுவதற்குள் அந்த ஆள் இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை உருவி, பாவாடையின் காதோரம் தொடங்கி மோவாய் வரை இழுத்துவிட்டான். கன்னம் பிளந்து கடைவாய்ப் பல் வெளியே தெரிந்தது. கத்தி பிடித்த கையை நான் மிதித்தேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தியாகதுருகம் சாலையோரம் போட்டபோது அவனுக்கு முன்பல் இல்லை. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. உயிர் இருந்தது. எழுந்து பஸ் ஏறிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அது பெரிதில்லை. சீட்டு ஆடுகிற இடத்தில் அடிதடி வரும். அதற்குப் பிறகு கிளம்பிய பேச்சுதான் பெரிது. தியாகதுருகத்தில் கோட்டை மலைக்குக் கீழே ஒரு டீக்கடை. அங்கே ஒரு மாட்டு வியாபாரி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்:

"பொன்னுரங்கம் தோப்புல வெளியாளு எவனாச்சும் கெலிச்சிக்கினு போயிருக்கானா? வூட்டுக்காரங்களே கள்ளச்சீட்டுக்கு ஆளு வெச்சிக்கினு இருக்காங்கோ."

அவன் முதுகுக்குப் பின்னால் அந்தப் பொன்னுரங்கமாகிய நானே நின்றிருந்தேன். தலைமயிரைப் பிடித்து அவன் முகத்தைப் பாய்லரின் மேல் அழுத்தினேன். எடுத்தபோது தோல் பாய்லரிலேயே ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "வுட்டுடுங்க ஐயா, வுட்டுடுங்க" என்று அழுதார். விட்டேன்.

அந்தத் தோப்பு என் பாட்டனார் வைத்தது. அதன் நிழலில் உட்காருகிறவன் எங்கள் விருந்தாளி. அங்கே ஏமாற்று நடந்தால் அது எங்கள் வீட்டு ஏமாற்று. ஒருவன் முகத்தைச் சுட்டால் ஊர் வாய் மூடாது என்பதும் எனக்குத் தெரியும். பேச்சுக்குப் பதில் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் ஆடியது ரம்மியோ மங்காத்தாவோ அல்ல. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கொளஞ்சியப்பன் கொண்டுவந்த ஆட்டம். அவன் போக்கர் என்பான். எங்களுக்குப் பட்டாளத்துச் சீட்டு. ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலிருந்து வேறு வாங்கிக்கொள்ளலாம். பிறகு கையை மூடி வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவான். கடைசி வரை நின்றவர்கள் திறந்து காட்டுவார்கள். பாதி சீட்டு, பாதி முகம். என் முகத்தைப் பார்த்து என் கையில் இருப்பதைச் சொன்னவன் அந்தத் தாலுகாவில் இல்லை.

கொளஞ்சியப்பன் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தான். பட்டாளத்து மெஸ்ஸில் ஜனவரி ஒன்றாம் தேதி, வருகிற வருஷம் எப்படி ஆடப்போகிறோம் என்று ஆபீசர்கள் ஆளுக்கொரு தீர்மானம் சொல்வார்களாம். எங்களுக்கு எதற்கு ஜனவரி? சித்திரை முதல் நாள் காலையில் பொன்னேர் பூட்டி, புது வருஷத்தின் முதல் உழவுச் சால் ஓட்டிவிட்டுப் பிற்பகலில் தோப்பில் கூடினோம். பிரிக்காத புதுச் சீட்டுக் கட்டை வேப்பம்பூவோடு தாம்பாளத்தில் வைத்தோம். ஒவ்வொருவரும் வலது கையை அதன்மேல் வைத்து, இந்த வருஷம் சீட்டில் தான் எப்படி நடந்துகொள்ளப்போகிறான் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதற்கு வருஷச் சொல் என்று பெயர். மீறியவனுக்கு அடுத்த சித்திரை வரை பாயில் இடம் கிடையாது. வருஷம் முழுவதும் அந்த ஒரே கட்டுத்தான்.

அந்தச் சித்திரையில் முதலில் கை வைத்தவன் பாவாடை. கன்னத்தில் தையல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இந்த வருஷம் சீட்டு வரலன்னா சாமியத் திட்ட மாட்டேன்."

"அப்ப யாரத் திட்டுவே?" என்றான் கொளஞ்சியப்பன்.

"கலச்சிப் போடறவன் நீதான? ஒன்னத்தான்."

கொளஞ்சியப்பன் கை வைத்தான். "ரெண்டு ஜோடி வந்த ஒடனே மீசைய முறுக்க மாட்டேன்."

"அத மீச இருக்கறவன் சொல்லணும்டா பட்டாளம்."

அடுத்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை பிச்சைமுத்து. என் தங்கை அம்சவள்ளியின் கணவர். கல்வராயன் மலையடிவாரத்தில் வீடு. மலைப் புளியும் கடுக்காயும் வாங்கிக் கள்ளக்குறிச்சி மண்டியில் போடுகிறவர். வயதில் என்னைவிட ரொம்ப இளையவர். இருந்தாலும் நாங்கள் பெண் கொடுத்த வீடு. அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். கால் கழுவச் சொம்பில் தண்ணீரை நானே கொடுப்பேன். மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்வதோ அவர்மேல் ஒரு விரல் படுவதோ எங்கள் வகையறாவில் இல்லை. என் பெரியப்பாவை அவருடைய மாப்பிள்ளை ஒருமுறை செருப்பால் அடித்தார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடித்து முடித்த பிறகு, "சாப்ட்டுப் போங்க" என்றார். அவரைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை.

பிச்சைமுத்து கட்டின்மேல் கையை வைத்துச் சிரித்தார். "கெலிச்சிக்கினு இருக்கும்போதே எழுந்துக்கக் கத்துக்கணும். அதான் எஞ் சொல்லு."

"தோத்துக்கினு இருந்தா?"

"இன்னா கவல? மச்சான் வூட்டுல சோறு இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை வைத்தேன்.

"கோவத்தோட பாயில ஒக்கார மாட்டேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தக் கட்டுல கள்ளச்சீட்டு எடுக்கறவன் எவனா இருந்தாலும், எடுத்த கைய என் கையாலயே ஒடப்பேன். வெளியாளு வூட்டாளுன்னு பாக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. "எவனா இருந்தாலுமாண்ணா?" என்று கொளஞ்சியப்பன் கேட்டான்.

"எவனா இருந்தாலும்."

"மச்சான் சொன்னா சொன்னதுதான்" என்று பிச்சைமுத்து கை தட்டினார்.

பொழுது சாய்வதற்குள் அது தியாகதுருகம் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. அதைத்தான் நானும் வேண்டினேன்.

வைகாசியில் ஒருவன் சோதித்துப் பார்த்தான். கள்ளக்குறிச்சி லாரிக்காரன், கலைக்கும்போது கட்டின் அடிச் சீட்டை உருவினான். எங்கள் பம்புசெட்டில் அப்போது டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காலம். அதைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் சுவரில் மாட்டியிருக்கும். அதை எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் அவன் மணிக்கட்டை வைத்து ஒரே அடி. காய்ந்த சுள்ளியை முறிக்கிற சத்தம் கேட்டது. அவன் சிறுநீர் விட்டுக்கொண்டான். துணி கட்டி, பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு தோப்புக்கு ஆள் ஜாஸ்தியானது. நாணயமான இடம் என்று பெயர் வந்தது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு அம்சவள்ளியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என் மனைவி தைலம்மாள் கிடாக்கறி ஆக்கினாள். மாப்பிள்ளைக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தோம். சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு தோப்பில் பாய் விரித்தோம். காற்றடித்ததால் பந்தயப் பணத்தின் மேல் கல் வைத்துக்கொண்டு ஆடினோம்.

சில ஆட்டங்களுக்குப் பிறகு எனக்கு ஒன்றுக்கும் உதவாத சீட்டு வந்தது. கவிழ்த்துவிட்டேன். கொளஞ்சியப்பனும் விலகினான். பாவாடையும் மாப்பிள்ளையும் நின்றார்கள். மாற்றி மாற்றி ஏற்றினார்கள். பாவாடையின் தழும்பு துடித்தது. அவனுக்கு நல்ல சீட்டு வந்தால் அப்படித்தான். மாப்பிள்ளை அதைப் பார்த்தும் விலகவில்லை.

"காட்டு" என்றான் பாவாடை.

மாப்பிள்ளை திறந்தார். மூன்று ஆசு. ஆட்டின், கிளாவர், இஸ்பேட்.

பாவாடை தன் சீட்டை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தான். எல்லாம் இஸ்பேட். கடைசியாக வைத்தது இஸ்பேட் ஆசு.

ஒரே கட்டில் இரண்டு இஸ்பேட் ஆசு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பாவாடை வைத்தது நாலு மாதமாக எங்கள் விரல்கள் பட்டு ஓரம் கறுத்த சீட்டு. மாப்பிள்ளை வைத்தது மினுமினுவென்று, கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போலவே இருந்தது.

பாவாடை பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தான். இருவரும் உருண்டார்கள். மாப்பிள்ளை அவன் தழும்பிலேயே கடித்தார். பழைய தையல் வாய் திறந்து இரத்தம் புது வேட்டியில் கொட்டியது. பாவாடை பாயிலிருந்த கல்லை எடுத்து அவர் வாயில் இடித்தான். உதடு கிழிந்து தொங்கியது. கொளஞ்சியப்பன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றி மடியைப் பிரித்தான். இன்னும் இரண்டு புதுச் சீட்டுகள் விழுந்தன.

"வுடுங்க" என்றேன். விட்டார்கள்.

தோப்பில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். எல்லோர் கண்ணும் என்மேல் இருந்தது.

"வைகாசில ஒருத்தன் கைய ஒடச்சீங்க. அவனும் மனுசன்தான?" என்றான் பாவாடை. வாயைத் திறந்தபோதெல்லாம் கன்னத்திலிருந்து இரத்தம் வழிந்தது. "இவுரு கை மட்டும் இன்னா, வேற எலும்பா? ஒடைங்க."

"மாப்ளடா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"மாப்ளன்னா காலக் கழுவி அனுப்பு. தோப்பு நாணயம் தெரிஞ்சி போச்சி" என்றான் பாவாடை.

பிச்சைமுத்து எழுந்து உட்கார்ந்தார். உதட்டுத் தோலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும்.

"மச்சான் என்னத் தொட மாட்டாரு. தொடட்டும் பாக்கலாம். தொட்டா நாளைக்கே ஒங்க பொண்ண இட்டாந்து இங்க வுட்டுட்டுப் போயிடுவேன். வாழாவெட்டியா வெச்சி சோறு போடுங்க. அப்ப தெரியும் வூட்டு மானம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கை கட்டி நின்ற பெரியப்பா ஒரு பக்கம். கட்டின்மேல் கை வைத்துச் சொன்ன சொல் ஒரு பக்கம். மாப்பிள்ளையைத் தொட்டால் பெண் கொடுக்கத் தெரியாத வீடு. தொடாவிட்டால் கள்ளச்சீட்டு வீடு. எந்தப் பக்கம் போனாலும் எங்கள் பெயர்தான் மண்ணில் கிடந்தது.

அப்போது கூட்டம் விலகியது. அம்சவள்ளி நின்றிருந்தாள். எங்களுக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்திருக்கிறாள். தூக்குப் போசி கையில் இருந்தது. எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் கணவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்டிருந்தாள். அது அவள் முகத்தில் இருந்தது.

போசியைத் தரையில் வைத்தாள். கணவனைப் பார்த்தாள்.

"திருடறது நீ. தப்பிக்கறதுக்கு நானா?"

"நீ வூட்டுக்குப் போடி" என்றார் அவர்.

அவள் போகவில்லை. இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், தாலிக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். கூட்டத்தில் ஒரு பெண், "அய்யய்யோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அம்சவள்ளி குனிந்து அதைப் பாயின்மேல், இரண்டு இஸ்பேட் ஆசுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப அவுரு ஒனக்கு மாப்ள இல்லண்ணா. ஒஞ் சொல்லுக்கு நான் குறுக்க நிக்கல. செய்யறதச் செய்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். எங்கள் வீட்டுப் பெண் என்று நான் நினைத்தேன். சொல்லைக் காப்பாற்ற அண்ணனுக்கு வழி விடுகிறாள், இப்படி ஒருத்தி எந்த வீட்டில் பிறந்திருக்கிறாள் என்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

பம்புசெட்டுக்குள் போய் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கொளஞ்சியப்பனும் இன்னொருவனும் பிச்சைமுத்துவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதுவரை சிரித்தவர் இப்போது காலை உதைத்தார். "அம்சா, சொல்லுடி, ஒங்கண்ணங்கிட்ட சொல்லுடி" என்று கத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தொட்டி விளிம்பில் நீட்டிப் பிடித்தார்கள்.

முதல் அடி சரியாக விழவில்லை. அவர் கையை உருவியதால் விரல்களின்மேல் பட்டது. இரண்டு நகங்கள் தெறித்தன. மறுபடி பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது அடியில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, வெள்ளையாக ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. தொட்டித் தண்ணீர் சிவந்தது. அவர் போட்ட சத்தத்தில் வரப்பில் மேய்ந்த மாடுகள் மிரண்டு ஓடின.

ஹேண்டிலைக் கழுவினேன்.

"முடிஞ்சிதும்மா" என்று தங்கையிடம் சொன்னேன். "சொன்னபடி செஞ்சிட்டேன். இனிமே நீ நம்ம வூட்டுல ராணி மாதிரி இருக்கலாம்."

அம்சவள்ளி பாயிலிருந்து தாலியை எடுத்தாள். தொட்டிக்கு அருகில் சுருண்டு கிடந்த கணவனிடம் போய் உட்கார்ந்தாள். தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அவர் அவள் தோளைக் கடித்துக்கொண்டு அலறினார். அவள் அசையவில்லை. பிறகு தாலியை அவருடைய இடது கையில் வைத்தாள்.

"போடு."

"அம்சா..."

"நீ பண்ணதுக்கு ஆயுசுக்கும் ஒன்ன நான் பாத்துக்கறேன். இப்ப போடு."

ஒற்றைக் கையால் போட்டார். கயிறு அவள் கொண்டையில் சிக்கியது. அவளே சரி செய்து இறக்கிக்கொண்டாள். கயிறெல்லாம் இரத்தம்.

"இன்னா பண்றே?" என்று நான் கேட்டேன்.

அவள் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"வேணாம்மா, எடுத்துக் கழுத்துல போடும்மான்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு நெனச்சேன்ண்ணா. அதுக்குத்தான் கழட்டி வெச்சேன். நீ எம் மூஞ்சியப் பாத்துக்கினே போயி இரும்ப எடுத்தாந்தே."

"நீதானம்மா செய்யச் சொன்னே?"

"அண்ணன்னு நெனச்சி சொன்னேன்." அவள் தன் கணவனைத் தூக்கி நிறுத்தினாள். "நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடின்னு துணி எடுத்துக்கினு வராத. அந்தத் துணி எம் மேல படக்கூடாது."

வெள்ளிமலையில் எலும்பு கட்டுகிற மலைக்காரர் ஒருவர் இருந்தார். அங்கே போவதாக யாரிடமோ சொல்லிக்கொண்டு, அவரைத் தோளில் சாய்த்தபடி சாலைக்கு நடந்தாள். வண்டி கட்டச் சொல்லி நான் ஆளை அனுப்பினேன். அவள் ஏறவில்லை. தைலம்மாள் வீட்டிலிருந்து ஓடி வந்து வழியில் விழுந்து அழுதாள். அம்சவள்ளி அவளைத் தாண்டிப் போனாள். ஆடிச் சீருக்கு எடுத்து வைத்த புடவையும் பலகாரமும் கூடத்தில் அப்படியே இருந்தன.

சொல் மீறாத வீடு என்று அந்தப் பக்கமெல்லாம் பேசினார்கள். இன்றும் பேசுவார்கள். அதில் பொய் இல்லை.

அன்று அவள் சாலை வளைவில் மறைகிற வரை நின்று பார்த்துவிட்டுத் தோப்புக்குத் திரும்பினேன். புதுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். பாயைத் தொட்டியில் அலசி, உதறி, நிழல் பார்த்து விரித்தேன். பந்தயப் பணத்தைப் பொறுக்கி மறுபடி கல்லுக்குக் கீழே வைத்து, கட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தேன்.

"ஒக்காருங்க" என்றேன். "ஆட்டம் பாதியில நிக்குது. அந்தப் பந்தயம் பாவாடைது."

யாரும் உட்காரவில்லை. என் கண்ணையும் பார்க்கவில்லை. கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் பக்கம் மாடு போவதாக எதையோ முணுமுணுத்துவிட்டு நடந்தான். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாவாடை மட்டும் கன்னத்தைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றான். ஒடைங்க, ஒடைங்க என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியவன் அவன்தான்.

"நீயாச்சும் ஒக்காருடா. ஒம் பணத்த எடு."

அவன் கல்லுக்குக் கீழே படபடத்த பணத்தைப் பார்த்தான். தொடவில்லை. காலில் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"இல்லீங்க ஐயா. ஆடிக்கு எங்க வூட்டுக்கும் மாப்ள வந்திருக்காரு. நான் போவணும்."